மார்க் போட மெஷின், ஆள் பிடிக்க நான்

எம்.பி.ஏ. வாத்தியார் வேலை என்றால், பாடம் நடத்துகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் யாரிடமாவது கைகட்டி நிற்பது. ராசிபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பல வருசமாக நிற்கிறேன். என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களே, கேளுங்கள்.

கோழிக்கு லீவு

கடைசி செமஸ்டரில் ஏதாவது ஒரு தொழிலை நேரில் பார்த்து ப்ராஜெக்ட் எழுத வேண்டும். என் மாணவன் கோகுல் தன் பெரியப்பாவின் கோழிப்பண்ணையைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்தான். இங்கிலீஷ் வழுக்கிக்கொண்டு போகிறது. முடிவில் ஒரு யோசனை: ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டை உற்பத்தியை நிறுத்தினால் கூலி மிச்சமாம்! ஏஐ எழுதிக் கொடுத்ததை அவன் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கோழிகிட்ட யாருப்பா போய்ச் சொல்றது? பண்ணைக்கு ஒரு நாளாச்சும் போனியா?" என்றேன்.

"எதுக்குங்க சார், அதான் ரிப்போர்ட் வந்துருச்சுங்களே?"

மல்லியைக் கசக்கிப் பார்க்கிறவர்கள்

வயிறெரிந்து, முதல்வரிடம் மன்றாடி ஒரு மாற்றம் கொண்டுவந்தேன். எல்லாரும் ஒரு வாரம் ஏதாவது கடையில் போய் நில்லுங்கள். ஏஐயிடம் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ரிப்போர்ட் ரெண்டு பக்கம் போதும். ஆனால் கடைக்காரர் முன்னால் வைவாவில் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும்.

நித்யா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாயின் மளிகை மண்டிக்குப் போனாள். ஆர்டரை எல்லாம் செல்போனுக்கு மாற்றிவிடச் சொன்னது ஏஐ. இவளோ, சரக்கு எடுக்க வருகிற ஊர்க் கடைக்காரர்கள் மூட்டைக்குள் கைவிட்டு மல்லியை அள்ளி, கசக்கி மோந்து பார்த்த பிறகுதான் விலையே பேசுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறாள். வைவாவில் பாய் முன்னால் நிமிர்ந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.

"சார், ஏஐ சொன்னதுல பாதி இந்தக் கடைக்கு ஒத்துவராதுங்க. ஏன்னு நான் சொல்றேனுங்க."

தாளாளரின் தீர்ப்பு

அதே வைவாவில் கோகுலோடு சேர்த்துப் பாதி வகுப்பு வாயே திறக்கவில்லை. ஃபெயில் போட்டேன். தாளாளர் கூப்பிட்டுவிட்டார். போர்வெல் ரிக் வண்டி ஓட்டிச் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. வைவா ரத்து. பழையபடி ரிப்போர்ட் மட்டும் போதும், அதைத் திருத்தவும் ஒரு ஏஐ வாங்கியாகிவிட்டதாம்.

"நீங்க இப்படி ஃபெயிலு போட்டா அடுத்த வருசம் யாருங்க சேருவாங்க? மெஷின் யார் மனசையும் நோகடிக்காதுங்க."

முதலும் கடைசியும்

மெஷின் திருத்தியது. கோழிக்கு லீவு விட்ட அதே ரிப்போர்ட்டுக்குக் கோகுல் முதல் மார்க். நித்யாவின் ரெண்டு பக்கம் அவளுடைய சொந்த இங்கிலீஷ், தப்பும் தவறுமாக. கடைசி மார்க். வேலைக்கு இன்டர்வியூ வந்தபோது அவளைக் கூப்பிடவே இல்லை. என் பேச்சை நம்பிப் போன பிள்ளை! என் முகத்தைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"நான் கடைக்குப் போகாமயே இருந்திருக்கலாமுங்களா சார்?"

ஆள் பிடிக்கும் சீசன்

இப்போது கோடை. அட்மிஷன் பிடித்துக் கொடுத்தால்தான் எங்களுக்கு வேலை நிலைக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். கையில் 'ஏஐயுடன் கூடிய எம்.பி.ஏ.' நோட்டீஸ், அதில் கோட்டு போட்டுக்கொண்டு கோகுல் சிரிக்கிறான். ஒரு லாரி ஓனர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம் பையன் இப்பவே எல்லாத்தையும் அதுகிட்டத்தானுங்க கேக்கறான், அப்புறம் உங்க காலேஜுல ரெண்டு வருசம் எதுக்குங்க?"

மெஷின் எழுத, மெஷினே திருத்த, யாரும் படிக்காமலே ஓடுகிற கல்லூரியில், நோட்டீஸ் கொடுக்க மட்டும் இன்னும் மனுசன் வேண்டியிருக்கிறது என்பதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.