ஆளுக்கொரு கம்பம்

கச்சிபௌலியில் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் புல்வெளியில் வளைகாப்பு என்றதும் எனக்குப் பயம். மே மாதம். இந்த ஊரில் மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். சாயங்காலம் எங்கிருந்தோ காற்று வந்து ஆலங்கட்டி மழையைக் கொட்டிவிட்டுப் போகும். உள்ளே ஹாலில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். போட்டோ நன்றாக வராதாம். வராவிட்டால் போகட்டுமே! நான் சொல்லி யார் கேட்கிறார்கள், மகளா, மகனா?

நான் பயந்தது மழைக்கு இல்லை. கம்பத்துக்கு.

நான் பிறந்து வளர்ந்தது இதே ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அங்கே விசேஷமென்றால் வீட்டு முன்னால் ஷாமியானா. கட்டுவது அப்பாவோடு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தவர்கள். மூங்கில் என்றால் அவர்களுக்கு இளக்காரம். இரும்புக் குழாய்தான் நடுவார்கள். காற்று வந்தால் ஆளுக்கொரு கம்பம் என்று முன்கூட்டியே பேசிவைத்திருப்பார்கள். பந்தல் பறந்தால் ஒர்க்‌ஷாப்புக்கே அவமானமாம். மணைப்பக்கத்துக் கம்பம் பெண்ணோடு பிறந்தவனுக்கு. அது ஒரு மரியாதை.

என் கல்யாணத்தில் அந்தக் கம்பம் என் அண்ணனுக்கு. தாலி ஏறி, சாப்பாடு முடிந்து, நலங்குக்கு மணையில் உட்கார்ந்திருந்தோம். காற்று கிளம்பி ஷாமியானா வயிறு உப்பி மேலே எழும்பியது. எல்லாரும் ஓடிப்போய் அவரவர் கம்பத்தைப் பிடித்தார்கள். அண்ணன் பிடித்த குழாயில் சீரியல் பல்பு வயரைச் சுற்றியிருந்தார்கள். மழையும் சேர்ந்துகொண்டது. யாரோ அவனை விடச் சொன்னார்கள். "விட்டா விழுந்துடும்," என்றான். வயர் எங்கோ உரிந்திருக்கிறது. கரண்ட் அவனைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

ஒரு துணிப் பந்தலுக்காக உயிரை விட்டான் என்று இத்தனை வருஷமும் அவன்மேல் எனக்குக் கோபம். அவனும் என்னை விட்டுப் போகவில்லை. எங்கே பந்தலைப் பார்த்தாலும் ஒரு கம்பத்தோரம் நிற்பான், கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையோடு. கண்ணை மூடித் திறந்தால் இருக்க மாட்டான். இதைப் போய் யாரிடம் சொல்வது? பைத்தியம் என்பார்கள்.

வளைகாப்புக்கு முதல் நாளே பந்தல் போட வந்த டென்ட் ஹவுஸ்காரரைப் பிடித்துக்கொண்டேன். கம்பத்தில் ஒரு பல்பும் கூடாது, காற்று வந்தால் யாரும் கம்பத்தைத் தொடக் கூடாது, பறந்தால் பறக்கட்டும் என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தார். பிறகு மெயின் சுவிட்ச் எங்கே என்று வாட்ச்மேனிடம் விசாரித்து, விசேஷத்தன்று அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பெண்ணுக்கு வளையல் போட வேண்டிய அம்மா சுவிட்சுக்குக் காவல். சம்பந்தியம்மாள் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! மணைப்பக்கத்துக் கம்பத்தோரம் அண்ணன் வந்து நின்றான். கண்ணை மூடித் திறந்தேன். போய்விட்டான்.

ஏழெட்டுப் பெண்கள் வளையல் போடுவதற்குள் காற்று வந்துவிட்டது. நான் கைப்பிடியைக் கீழே இழுத்தேன். பாட்டு நின்றது. ஜனங்கள் உள்ளே ஓடினார்கள். திரும்பிப் பார்த்தால் மணைப்பக்கத்துக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டை. கண்ணை மூடித் திறந்தேன். அங்கேயே இருந்தான். என் மகன்.

மெயினை அணைத்தது என் கைதான். ஆனாலும் நெஞ்சு நம்பவில்லை. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். விடவில்லை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, மணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை என் மகளைத் தாங்கி எழுப்பி, வெளியே நடத்திக்கொண்டு போன பிறகுதான் கையை எடுத்து என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினான். கம்பமும் துணியும் மணைமேல் சாய்ந்தன.

உள்ளே வந்ததும் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். மாமா எப்படிச் செத்தாரென்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். இங்கேயே படித்த பிள்ளை. தமிழ் அவனுக்குத் தேடித்தேடித்தான் வரும்; ஆமாம் என்பதற்குக்கூட இந்த ஊர் உருதுவில் ‘ஹவ்’தான்.

"ஹவ் மா, தெரியும். அக்கா கீழ உக்காந்திருந்தா. எந்திரிக்க டைம் ஆகும்ல?"

விட்டா விழுந்துடும் என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு என் கழுத்தில் ஆளுயர மாலை, உடம்பில் கூறைப்புடவை. மணையிலிருந்து எழுந்திருக்க எனக்கும் நேரமாயிற்று.