அம்மா பாடாத நாள்

அந்தப் பெட்டியின் பொத்தானை அமுக்கும்போது வரும் 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சேற்றில் கணுக்கால் புதைய நாங்கள் நடவு நட்டுக்கொண்டிருக்கிறோம். வரப்பில் ஒரு குடை. குடை நிழலில் டேப் ரிக்கார்டர். பக்கத்தில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு சார். நடவுப் பாட்டெல்லாம் சேகரிக்கிறாராம். தங்கியிருந்தது பண்ணையார் வீட்டு மாடியில்...

அதுதான் அம்மாவுக்கு உறுத்தியது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு அப்போது கல்யாண வயது. ஆட்சி மாறியிருந்த சமயம். கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, எங்கள் தெருவில் செங்கொடி. கூலியைக் கூட்டிக் கேட்டால் பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். அதனால் அவருக்குத் தெரியாமல் திடீரென்று வேலையை நிறுத்துவது என்று செங்கொடிச் சங்கத்தில் முடிவு. நாற்றைப் பறித்துப் போட்ட பிறகு நிறுத்தினால் அவருக்கு ஆள் தேட அவகாசம் கிடைக்காது. பறித்த நாற்று காத்திருக்காது இல்லையா?

எந்த நாள் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியது அம்மாவின் பொறுப்பு.

வீடு வீடாகப் போய்ச் சொன்னால் விஷயம் பண்ணையார் காதுக்குப் போய்விடும். வயலில் பேசினால் காரியக்காரர் கத்துவார். அவர்தான் பண்ணையாருக்காக வேலையை மேற்பார்வை பார்ப்பவர். ஆனால் பாடினால் விட்டுவிடுவார், கை வேகமாக நடக்குமே! அதனால் எங்கள் பேச்செல்லாம் பாட்டுக்குள்தான். யார் வீட்டில் சண்டை, யாருக்கு மசக்கை, எல்லாம் அதில் வரும். அம்மா ஒரு அடி எடுத்துவிட்டால் அடுத்த வயல் பெண்கள் அதை வாங்கி அதற்கடுத்த வயலுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அன்றைக்குத்தான் சொல்லியாக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து இந்தப் பெட்டி.

எனக்கோ என் குரலை அதில் கேட்க ஒரே ஆசை. "பாடும்மா" என்று நச்சரித்தேன்.

"சும்மா நடுடி. இது யாரு வூட்டுலேருந்து வந்திருக்குன்னு பாத்தியா?"

சார் நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். "பயப்படாதீங்கம்மா, இது சும்மா மெஷின்தான்" என்றார்.

"பாடுனா அது என்னா சார் பண்ணும்?"

"அப்படியே வச்சுக்கும். எப்ப வேணும்னாலும் போட்டுக் கேக்கலாம்."

"யாரு வேணும்னாலுமா?"

"ஆமாம்மா, யாரு வேணும்னாலும்!"

பாவம், அதைச் சந்தோஷமாக வேறு சொன்னார். அம்மா பாடாமல் நட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த வயலில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"ஏ பாக்கியம், சார் கேக்குறாருல்ல, பாடு!" என்று காரியக்காரர் அதட்டினார்.

அம்மா நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்று முடியைக் கீழே வைத்தாள். நாக்கைச் சுழற்றி நீளமாக ஒரு குலவை போட்டாள்.

எங்கள் ஊரில் கடைசி நாற்று முடியையும் நட்டுவிட்டுக் கரையேறும்போதுதான் குலவை. இங்கே பாதி வயல் வெறுமையாகக் கிடக்கிறது... திகைத்து நின்றோம். பிறகுதான் உறைத்தது. நடவு இன்றோடு சரி என்கிறாள்! நானும் போட்டேன். அடுத்த வயல் எடுத்தது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனது.

"பிரமாதம்!" என்றார் சார். எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார்.

"என்னடி பாதியில குலவை?" காரியக்காரருக்கு லேசாகச் சந்தேகம்.

"சார் அம்மாந்தூரத்துலேருந்து வந்திருக்காங்க. நல்ல சத்தமா புடிச்சிக்கிட்டுப் போவட்டுமேன்னுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா குனிந்து நட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் ஒரு பெண்ணும் வயலில் இறங்கவில்லை. பறித்த நாற்று வெயிலில் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் பண்ணையார் பேச்சுக்கு வந்தார், கூலி கூடியது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு எந்தப் பெட்டியும் ஆகாது. ரேடியோ ஓடினால்கூட வீட்டு விஷயம் பேச மாட்டாள். "அது பேசத்தாம்மா செய்யும், கேக்காது" என்று நான் கேலி செய்வேன்.

இப்போது தஞ்சாவூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அடுப்படியில் முழங்கால் வலி என்று முனகினால் போனில் தைல விளம்பரம் வருகிறது. தற்செயல் என்கிறான் மகன். நான் நம்பவில்லை. இப்போதெல்லாம் என் மேலேயே எனக்குச் சந்தேகம்... அந்தத் தைலம் வாங்கலாம் என்று நினைத்தது நானா, காட்டிக் காட்டி என்னை நினைக்க வைத்தார்களா?

போன வாரம் மகன் போனை நீட்டினான். "அம்மா, ஆயா பேசுறாங்க பாருங்க." பழைய கல்யாண வீடியோவிலிருந்து அம்மாவின் குரலை எடுத்து ஏதோ ஆப்பில் போட்டிருக்கிறான். நாம் கேட்டால் அவள் குரலிலேயே பதில் சொல்லுமாம். அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது.

"நல்லா இருக்கியாடி?" என்றது.

அதே குரல். அந்த இழுவைகூட அப்படியே.

"இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர். மெஷின் என்று நன்றாகத் தெரியும், தெரிந்தும் வாய் சொல்லிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் மனசுக்குள் இவ்வளவு சுலபமாக நுழைந்துவிடலாமா?

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "ஏம்மா, இது முன்னாடி வீட்டு விஷயமெல்லாம் பேசலாமா?"

கொஞ்சம்கூட யோசிக்காமல் பதில் வந்தது.

"தாராளமா பேசுடி. இங்க யாரு கேக்கப்போறா?"

போனை மகன் கையில் கொடுத்துவிட்டேன்.

"இது எங்கம்மா இல்லப்பா."