முத்திரை எழுந்த நாற்காலி

அந்தப் பட்டறையில் எந்தப் புது மாதிரி நாற்காலியும் அவள் உட்காராமல் வெளியே போனதில்லை. குஷன் தைப்பதுதான் அவள் வேலை. உட்கார்ந்து பார்ப்பது, வேலையோடு வேலையாக வந்து ஒட்டிக்கொண்ட பொறுப்பு. மாதிரி தயாரானதும் தச்சர் அதைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைப்பார். ரம்பத்தை நிறுத்துவார்கள். அவள் தைத்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, திரும்பி நின்று, பொத்தென்று உட்காருவாள். சட்டம் முனகினால் அந்த நாற்காலி சுவரைப் பார்த்து நிற்க வேண்டியதுதான். முனகாவிட்டால் தச்சர் கை கொடுத்து அவளை இழுத்து எழுப்புவார். அவள் நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோடு விழாத மாதிரியிலிருந்து ஒரு நாற்காலிகூட வண்டி ஏறாது.

அதனால்தான் அவளுக்கு முத்திரை என்று பெயர். வைத்தவர் தச்சர்தான். தன் நாற்காலிகள் சுவரைப் பார்த்து நின்ற எரிச்சலில் வைத்தார். பெயர் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. முதலாளியம்மா வாடிக்கையாளர்களிடம், “இது எங்க முத்திரை உட்கார்ந்த நாற்காலிங்க, இதுக்கு மேல என்ன வேணும்?” என்பார். வந்தவர்கள் அவளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு மறுபேச்சில்லாமல் ஆர்டர் கொடுப்பார்கள். அந்தப் பார்வையைக்கூட முத்திரை பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவள் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டு வந்து நின்றபோது பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

“திடீர்னு எதுக்கு இதெல்லாம்?” என்றார் முதலாளியம்மா.

“திடீர்னு இல்லம்மா. சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது. முட்டி ரெண்டும் படியைப் பார்த்தாலே அழுவுது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதாம், டெஸ்ட் எடுத்துச் சொல்லிட்டாங்க.”

“நடந்தா குறையாதா தங்கச்சி?” என்றார் தச்சர்.

“நடந்தேன்ணே. பட்டினி கிடந்தேன். போன எடை போன வழியிலேயே திரும்பி வந்துச்சு, கூடவே ரெண்டு சொந்தக்காரங்களையும் கூட்டிக்கிட்டு.”

அவள் சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று உண்டு. நாற்காலியின் அடியில் குஷனைத் தாங்கும் பட்டையை இழுத்துக் கட்டத் தரையில் உட்கார வேண்டும். கொஞ்ச நாளாக அவளால் தரைக்குப் போக முடியவில்லை. போனால் வர முடியவில்லை. யாரும் கேட்காமலே தச்சர் அதைத் தன் வேலைக்குப் பிறகு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு கேலிகூடச் செய்யவில்லை. எதையும் கேலி செய்கிற மனிதர் இதை மட்டும் விட்டுவைத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எல்லாம் சரி,” என்றார் தச்சர், “எடை போயிட்டா கோடு யாரு போடுறது? இனிமே உன்னைக் கொடின்னு கூப்பிட வேண்டியதுதான். கொடி உட்கார்ந்தா எந்த நாற்காலிதான் முனகும்? என் பொழப்பு ஜாலி.”

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியம்மாவைத் தவிர. அவர் சிரிக்காததை முத்திரை கவனித்தாள். குஷன் தைக்க ஆள் கிடைக்கும். அவளை இந்தப் பட்டறையில் அவளாக நிறுத்தியது அந்தக் கோடு. உடம்பு குறைந்தால் அந்த இடமும் குறையுமா? இந்தக் கேள்வியை அவள் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் ஒரு தாளில் வயிற்றை வரைந்து காட்டினார். பெரிய பை. அதில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டால், மிச்சம் ஒல்லியான குழாய்.

“உறையைப் பிடிச்சுத் தைச்சு, மிச்சத் துணியை வெட்டி எடுக்கிற மாதிரி. அப்படித்தானே டாக்டர்?”

“ஏறக்குறைய அப்படித்தான். ஆனா பிடிக்கலைன்னா பிரிச்சுத் தைக்க முடியாது. வயித்தை நான் சின்னதாக்கிடுவேன். பழக்கத்தை நீங்கதான் சின்னதாக்கணும். ஆயுசு முழுக்கச் சத்து மாத்திரை உண்டு, பரிசோதனைக்கு வரணும். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்.”

முதல் பாடம் ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்தது. கொழுப்பு படிந்த ஈரல் வயிற்றின் மேல் கவிந்து கிடக்கிறது, அது சுருங்கினால்தான் கருவி உள்ளே போக வழி கிடைக்கும் என்றார்கள். அதனால் கடிக்கிற சாப்பாடு கிடையாது. அவர்கள் சொன்ன சத்து பானமும் வடிகட்டிய சூப்பும்தான். மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை கொடுத்தார்கள். உறிஞ்சினால் உள்ளே இருக்கும் பந்துகள் மேலே எழும்பும். பட்டறையில் மரத்தூளுக்கு நடுவில் அவள் அதை உறிஞ்சியபோது, தச்சர் வாங்கித் தானும் உறிஞ்சப் பார்த்தார்.

“பீடியை விட்டுட்டு வாங்கண்ணே, அப்புறம் பந்து எழும்பும்.”

அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

லீவில் போவதற்கு முந்தின நாள் பட்டறை அவளுக்கு ஒரு பெரிய சாக்லேட் கேக் வாங்கி வைத்திருந்தது. வழியனுப்புவது என்றால் அவர்களுக்குச் சாப்பாடுதான் தெரியும். அன்பிலும் குறை சொல்ல முடியாது. “ஒரு வாய்தானே,” என்றார்கள். முத்திரை கேக்கை வெட்டினாள், ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள், கத்தியைக் கழுவி வைத்தாள். விரலில் ஒட்டிய க்ரீமைத் துணியில் துடைத்தாள். தைரியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தத் துணியைத்தான் காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் கடைசியாக ஒரு மாதிரி இருந்தது. புதிதாகத் திறக்கப்போகும் ஒரு கிளினிக்கின் காத்திருப்பு அறைக்கான நாற்காலி. அழகான வளைவு, ஒல்லியான கைகள். உட்கார்ந்தாள். சட்டம் வாயே திறக்கவில்லை. தச்சர் கை நீட்டினார், அவள் பிடித்தாள், அவர் இழுத்தார், எழுந்தாள். கவிழ்த்துக் கோடு போட்டாள்.

“என் காலத்துலயே உருப்படியா ஒண்ணு செஞ்சீங்கண்ணே.”

“போயிட்டு முழுசா வா,” என்றார் அவர்.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள், அவ்வளவுதான். ஆனால் வயிற்றைவிடத் தோள் வலித்தது. கருவிக்கு இடம் கிடைக்க வயிற்றுக்குள் ஏற்றிய வாயு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, நடந்தால் போய்விடும் என்றாள் நர்ஸ். மயக்கம் தெளிந்த அன்றே நடக்க வைத்தாள். இருமினால் தையல் அதிராமல் இருக்க வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரித் தலையணை தொளதொளவென்று கிடந்தது. முத்திரை தன் பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். மிஞ்சிய சோபாத் துணியில், அழுத்தமான ஸ்பாஞ்ச் வைத்து, ஓரத்தில் கயிறு வைத்த குழாய் மடிப்பெல்லாம் போட்டு அவளே தைத்தது.

“இதெல்லாம் எங்க விக்குது?” என்று நர்ஸ் வாங்கிப் பார்த்தாள்.

“விக்கலை. உங்களுக்கு வேணும்னா இருமிக் காட்டுங்க, தைச்சுத் தரேன்.”

நர்ஸ் சிரித்தாள். சிரிக்க வைத்ததற்குத் தண்டனையாக முத்திரையும் சிரித்தாள். தையல் சுருக்கென்றது. கட்டிலை விட்டு எழக் கை நீட்டியபோது நர்ஸ் பிடிக்கவில்லை. “இழுத்தா வயித்துல சுமை ஏறும். ஒருக்களிச்சுப் படுங்க. கையை ஊன்றுங்க. நீங்களே எழுந்திருங்க, நான் பக்கத்துல இருக்கேன்.” வெகு காலத்துக்குப் பிறகு முத்திரை யார் கையும் பிடிக்காமல் எழுந்தாள். வியர்த்துவிட்டது.

கணவர் லாரி ஓட்டுகிறவர். தூரத்துச் சரக்கோடு போயிருந்தார். அதனால் வீட்டில் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருந்தாள். அன்பானவள், வாய் மட்டும் நிற்காது.

“காசு கொடுத்து வயித்தை நிரப்புறவங்களைப் பாத்திருக்கேன் அண்ணி, காசு கொடுத்து வெட்டிப் போட்டவங்க நீங்கதான்.”

“நீ பேசிக்கிட்டே இரு, நான் குடிச்சு முடிச்சிடறேன்.”

சின்னக் கிண்ணம் சூப்பைக் குடித்து முடிக்க நாத்தனாரின் ஒரு முழுப் பேச்சு நேரம் பிடித்தது. மடக்கு மடக்காக, நிறுத்தி நிறுத்தி. பிசைந்த உணவுக்கு மாறிய பிறகு ஒருநாள் போனில் பேசிக்கொண்டே முட்டையை அவசரமாக விழுங்கினாள். அத்தனையும் வெளியே வந்தது. அதிலிருந்து சாப்பிடும்போது போனைத் தொடுவதில்லை.

நாத்தனார் முதல் நாளே கையைப் பிடித்து இழுத்து எழுப்பப் பார்த்தாள். முத்திரை கத்திய கத்தலில் விட்டுவிட்டாள். அப்புறம் முத்திரை வீட்டில் இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக முயன்றாள். சாப்பாட்டு நாற்காலிக்குக் கையே இல்லை. சோபா அவளை உள்ளே வாங்கிக்கொண்டு விட மறுத்தது. பால்கனியில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பு நாற்காலிதான் கடைசியில் ஒத்துவந்தது. அவள் உட்காருவதும் எழுவதும் நடப்பதும் அதைச் சுற்றியே ஆனது. ஏன் அது மட்டும் ஒத்துவருகிறது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

காயங்கள் ஆறின. சட்டைகள் தொளதொளத்தன. கனம் தூக்கக் கூடாது என்ற கண்டிப்போடு டாக்டர் வேலைக்கு அனுமதி கொடுத்தார்.

பட்டறையில் அவளை வரவேற்றது மர வாசனையும், வரிசையாக நிற்கும் கிளினிக் நாற்காலிகளும். சட்டம் எல்லாம் முடிந்து பாலிஷுக்குக் காத்திருந்தன.

“யாரு இது? எங்க முத்திரையோட தங்கச்சியா?” என்றார் தச்சர். “சும்மா ஒரு தடவை உட்காரு கொடி. முனகுதா பாப்போம்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்திரை முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள். முனகவில்லை. முன்பே முனகாதது, இப்போதா முனகும்? தச்சர் பழக்கத்தில் கை நீட்டினார்.

“வேணாம்ணே. நானே எழுந்துக்கறேன்.”

கைகள் தாமாகவே ஊன்ற இடம் தேடின. இரும்பு நாற்காலியின் கை முழங்கால்வரை வரும். உடம்பை முன்னால் சாய்த்து அழுத்தினால் அதுவே தூக்கிவிடும். இந்த நாற்காலியின் ஒல்லிக் கைகள் பாதியிலேயே நின்றுபோயிருந்தன. உள்ளங்கை இடுப்புக்குப் பக்கத்தில், பின்னால் விழுந்தது. அழுத்தினாள். வயிறு இழுத்தது. இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தாள்.

எத்தனையோ நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். ஒன்றிலிருந்துகூட எழுந்து பார்த்ததில்லை.

“இது போகக் கூடாது,” என்றாள்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். “என்ன விளையாட்டு இது? கோடு போட்டது நீதானே?”

“நான்தாம்மா. அப்ப என்னைத் தூக்கிவிட அண்ணன் இருந்தார். காத்திருப்பு அறையில யாரு இருப்பா? வயித்துல தையல், முட்டில வலின்னு வர்றவங்க உட்காருற நாற்காலி இது. கை நீளம் பத்தலை.”

“நான் பாத்துப் பாத்துச் செஞ்சது,” என்றார் தச்சர், முகம் சிவந்து. “போன எடைக்குப் பதிலா கோபத்தை ஏத்திக்கிட்டு வந்திருக்கா.”

“நீங்களே உட்காருங்கம்மா,” என்றாள் முத்திரை.

முதலாளியம்மா உட்கார்ந்தார். “நல்லாத்தானே இருக்கு,” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

“மேஜையை ஏன் பிடிச்சீங்க?”

முதலாளியம்மா குனிந்து தன் கையைப் பார்த்தார். அது இன்னும் பக்கத்திலிருந்த மேஜையின் விளிம்பில் இருந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார். “என் முட்டியைப் பத்தி இவங்க முன்னாடி சொல்லாதே.”

முத்திரை மாதிரி நாற்காலியைத் தேடிப் பிடித்தாள். கனம் தூக்கக் கூடாது என்பதால் ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கவிழ்க்கச் சொன்னாள். தான் போட்ட கோட்டை ஈரத்துணியால் துடைத்தாள். அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பச் சொன்னாள்.

தச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். மறுபடி உட்கார்ந்து, கையை ஊன்றி, முன்னால் காற்றில் துழாவினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

“சட்டத்தைத் தொட வேணாம். கையை மட்டும் கழட்டி மாத்திடலாம். எதுவரைக்கும் வரணும்?”

முத்திரை உட்கார்ந்து, கையை நீட்டி, உள்ளங்கை எங்கே விழ வேண்டும் என்று காட்டினாள். அவர் அளந்துகொண்டார். முதலாளியம்மா கிளினிக்குக்கு போன் போட்டு, தாமதத்துக்கு ஒரு காரணத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தார். பாலிஷ் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துத் தச்சர் குரல் கொடுத்தார்.

“மூடுங்கப்பா அதை. முத்திரை வேணாங்குது.”

அவள் தன் மூலைக்குப் போனாள். சுருட்டி வைத்திருந்த பட்டையையும் ஆணிகளையும் எடுத்து, ஒரு சட்டத்தின் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். அடியில் முதல் பட்டையை இழுத்துக் கட்டினாள். தச்சர் ஓரக்கண்ணால் பார்த்தார்; கிட்ட வரவில்லை. கட்டி முடித்ததும் அவள் சட்டத்தைப் பிடிக்காமல், ஒருக்களித்து, கையைத் தரையில் ஊன்றி எழுந்தாள்.