டால்டனின் கட்டைவிரல்

ஏர்லீன் ட்ராஹானை ஊரில் பாதிப்பேர் ‘சிக்கன் கை’ என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும் காதில் விழும்படி சொன்னார்கள். அந்தப் பெயரை வைத்தவன் டால்டன் மெஷ். அவனை ஒருநாள் ஊர் நடுவில் நிறுத்தி வைத்து மானத்தை வாங்க வேண்டும் என்பதைத் தவிர ஏர்லீனுக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. காலையில் காப்பி போடும்போதும் அதே நினைப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலில் இருக்கும்போதும் அதே நினைப்பு. மன்னிப்பைப் பற்றிப் பாதிரியார் பிரசங்கம் செய்தால், ‘உமக்கென்ன, உம்மையா அப்படிக் கூப்பிடுகிறார்கள்’ என்று மனதுக்குள் பதில் சொல்லிக்கொள்வாள்.

லூசியானாவின் கடலோரச் சதுப்பில் துப்பாக்கிக்கு முதல் எதிரி உப்பு. வாத்து வேட்டைக்குப் போய் நாணல் மறைவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும், இரும்பில் துரு எட்டிப்பார்க்கும். அதனால்தான் அங்கே துப்பாக்கிக்குச் செராமிக் பூச்சு. மெல்லிசாகப் பீய்ச்சி ஓவனில் சுட்டெடுத்தால் பீங்கானாக இறுகிவிடும். பீய்ச்சுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் செய்கிற சுத்தத்தில்தான் எல்லாம் இருக்கிறது. துப்பாக்கியைப் பிரித்து, அசிட்டோனில் ஊறவைத்து, வெறுமனே ஒருதரம் சூடேற்ற வேண்டும். இடுக்கில் ஒளிந்திருக்கும் பழைய எண்ணெய் அப்போதுதான் கசிந்து வெளியே வரும். பிறகு மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்க வேண்டும். அதற்கப்புறம் கையுறை இல்லாமல் ஒருவரும் தொடக்கூடாது. தொட்டால் விரலின் பிசுக்கு இரும்பிலேயே தங்கி, மேலே பூச்சு பிடிக்காமல், சில வாரங்களில் அந்த விரலின் வடிவத்திலேயே உரிந்து வந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்த ஏர்லீன் டால்டனின் துப்பாக்கிக் கடையில் பல வருஷம் பூச்சு வேலை பார்த்தாள். ஒரு வருஷம் வேட்டை சீசன் தொடங்கும் நேரத்தில் கடையில் துப்பாக்கிகள் மலையாகக் குவிந்துவிட்டன. சூடேற்றிக்கொண்டிருந்தால் வேலை முடியாது, அதை விட்டுவிடு என்றான் டால்டன். அவள் முடியாது என்று சண்டை போட்டாள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவனே மீதியைச் செய்தான். சீசன் பாதியில் பூச்சு பாளம்பாளமாக உரிந்தது. திருகுகளைச் சுற்றி, இடுக்குகளின் ஓரத்தில், எண்ணெய் கசிந்த இடமாகப் பார்த்து உரிந்தது. அதை யார் உற்றுப் பார்த்தார்கள்? வெர்னாவின் காப்பிக்கடையில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது, வறுத்த சிக்கனைத் தின்றுவிட்டு அதே கையோடு ஏர்லீன் துப்பாக்கியைத் தொட்டதுதான் காரணம் என்றான் டால்டன். கடையே சிரித்தது. டால்டனின் அப்பா ஓவீட் மட்டும் சிரிக்காமல் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றோடு அவள் வேலை போயிற்று. அன்றோடு வெர்னா கடையில் சிக்கன் சாப்பிடுவதையும் விட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுத் தானே தொழிலைத் தொடங்கினாள். முதலில் டெக்சாஸ் பக்கத்துக்காரர்கள் வந்தார்கள், பிறகு உள்ளூர்க்காரர்களும் வந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது, பேர் மட்டும் போகவில்லை. துப்பாக்கியைக் கொடுக்கும்போதே ‘கை கழுவினியா?’ என்று கேட்டுக் கண்ணடிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

ஓவீட் இறந்த வருஷம், சீசனுக்குச் சில நாள் முன்பு, கொட்டகை வாசலில் டால்டனின் வண்டி வந்து நின்றது. அவனுடைய பூச்சு ஆள் கடல் எண்ணெய்க்கிணற்று வேலைக்கு ஓடிவிட்டானாம். அப்பாவின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அப்பாவின் கூட்டாளிகளோடு முதல்நாள் வேட்டைக்குப் போக வேண்டுமாம். வேறு வழி இருந்தால் அந்த வாசலை மிதித்திருப்பானா?

“இந்தத் தடவையாவது கையுறை போட்டுக்கோ, ஏர்லீன். சிக்கன் வாசம் அடிச்சா வாத்து உஷாராயிரும்” என்றான்.

அவள் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மணல் பீய்ச்சி முடித்து, பாகங்களைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தபோது மறுபடி வந்தான். கையில் பெட்ரோல் பங்கில் வாங்கிய பூடான். சோறும் பன்றிக்கறியும் அடைத்த அந்தத் தொத்திறைச்சியை அந்த ஊரில் தட்டில் வைத்துத் தின்பவன் கிடையாது. தோலைக் கடித்து, உள்ளே இருப்பதை வாய்க்குள் பிதுக்கிக்கொள்வதுதான் வழக்கம். கடைசிக் கவளத்தைப் பிதுக்கிவிட்டுக் கையை பேன்ட்டில் துடைத்தான்.

“மணல் சரியாப் பிடிச்சிருக்கான்னு பாக்கணும். உனக்குத் தொழில் கத்துக்குடுத்ததே நான்தான?” என்றபடி, துப்பாக்கியின் நடுப்பாகத்தைக் கம்பியிலிருந்து வெறுங்கையால் எடுத்தான். கட்டைவிரல் பக்கவாட்டில் அழுந்தியது.

தொடாதே என்ற வார்த்தை ஏர்லீனின் பல்வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினாள்.

அந்தக் கட்டைவிரலை அறியாதவர்கள் ஊரில் இல்லை. குறுக்கே சாய்வாக, பள்ளம் விழுந்த ஓர் ஆழமான தழும்பு. சின்ன வயதில் சிப்பி உடைக்கும் கத்தி பட்டது. அதை முதலை கடித்தது என்று சொல்லி, பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டிக் காட்டுவான்.

அவன் போனபின் ஏர்லீன் அந்த இரும்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிசுக்கு மங்கலாகத் தெரிந்தது. அசிட்டோன் டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு துடைப்பில் போய்விடும். ஓவீட்டின் துப்பாக்கி, சிரிக்காமல் இருந்த மனிதரின் துப்பாக்கி என்று நினைத்தபோது அவளுக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. பயமும் இருந்தது. விரல் வடிவம் தெளிவாக வராமல் வெறும் திட்டாக உரிந்தால், சிக்கன் கை என்பது ஊர்ஜிதமாகிவிடும். கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான். வெகுநேரம் நின்றாள். பிறகு டப்பாவின் மூடியை இறுக்கி அலமாரியில் வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, பூச்சை எடுத்தாள். மற்ற இடமெல்லாம் அவள் வாழ்நாளிலேயே அத்தனை அழகாகப் பூசியதில்லை.

அந்த சீசனில் மழை பெய்தால் அவளுக்குக் கொண்டாட்டம். கடற்காற்று வீசினால் இன்னும் கொண்டாட்டம்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒருநாள் வெர்னா போன் செய்து, டால்டன் துப்பாக்கியோடு வந்து அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். ஏர்லீன் தலையை வாரிக்கொண்டு, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

கடை நிறைந்திருந்தது. டால்டன் துப்பாக்கியை மேசை மேசையாக எடுத்துப்போய்க் காட்டிக்கொண்டிருந்தான்.

“நான் அப்பவே சொன்னேன்ல? பாருங்க, அவ விரல் அப்படியே விழுந்திருக்கு. செத்துப்போன எங்கப்பா துப்பாக்கிய்யா இது!”

ஓவீட்டின் கூட்டாளி அல்சே கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பச்சைநிறப் பூச்சு உரிந்த இடத்தில் துரு. அச்சடித்த மாதிரி ஒரு கட்டைவிரல். அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோட்டில் மட்டும் பூச்சு உரியாமல் நின்றது.

கிழவர் நிமிர்ந்தார். “ஏம்ப்பா டால்டன், அந்த முதலை கடிச்ச விரலக் கொஞ்சம் காட்டு.”

டால்டன் துப்பாக்கியைப் பார்த்தான். அப்போதுதான் அவன் கண்ணிலும் அந்தக் கோடு பட்டது. கையை மூடிக்கொண்டான். ஏர்லீன் மேசைக்கு வந்து, தன் இரண்டு கைகளையும் விரித்து எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். தழும்பு ஒன்றும் இல்லாத கைகள்.

“நான் தொட்டப்ப நீ பாத்துட்டுதான இருந்தே?” என்றான் டால்டன்.

“பாத்தேன். பூடான் தின்ன கைய பேன்ட்ல தொடச்சியே, அதையும்தான் பாத்தேன். அந்த வருஷம் எல்லார் துப்பாக்கியும் ஏன் உரிஞ்சுதுன்னு இப்பச் சொல்லு. ஓவன்ல சூடேத்துனியா?”

அவன் கண் வாசல் பக்கம் போனது. அந்த வருஷம் துப்பாக்கி உரிந்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அவன் சும்மா நின்றதே போதுமாக இருந்தது. பின் மேசையிலிருந்து யாரோ மெதுவாக, “பூடான் கை” என்றார்கள். கடையே சிரித்தது. அன்றைய அதே சிரிப்புதான், ஆள்தான் மாறியிருந்தான். ஏர்லீனுக்கு மனம் குளிர்ந்தது. இரக்கம் வருமோ என்று பயந்திருந்தாள், துளியும் வரவில்லை.

வெர்னா என்ன வேண்டும் என்று கேட்டாள். சிக்கன், இரண்டு கால் என்றாள் ஏர்லீன். தட்டு வந்ததும் கையாலேயே பிய்த்து, அவன் முகத்தைப் பார்த்தபடி, எண்ணெய் வழிய வழியத் தின்றாள். அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தான்.

“ஓவீட் துப்பாக்கிய இங்கேயே வச்சிட்டுப் போ. அவருக்காகச் சரி பண்ணித் தரேன்” என்றாள் ஏர்லீன், வாயில் சிக்கனோடு. “வாங்க வரும்போது கையுறை போட்டுக்கிட்டு வா.”