அணிலுக்குச் சேரவேண்டிய பல்

என் சின்னம்மாவுக்குப் பல் என்றால் கொள்ளை ஆசை. சொந்தப் பல் அல்ல, மற்றவர்களின் பல். அதுவும் செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆனவர்கள் என்றால் இன்னும் விசேஷம். அம்மாவின் தங்கையான அவர் தொல்லியல் படித்தவர். குச்சவெளிப் பக்கம் கடற்கரை மணலில் வெளிப்பட்ட பழைய புதைகுழிகளின் எலும்பையும் பல்லையும் வைத்து, அந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். உப்புவெளியில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார்.

“உயிரோட இருக்கிறவையின்ர சாப்பாட்டைப் பாக்கவே எனக்கு நேரம் காணாது” என்பார் அம்மா. அது உண்மைதான். என் கோப்பையில் எவ்வளவு சோறு மிச்சம் இருக்கிறது என்பது குசினிக்குள் நிற்கும் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும். வகுப்பிலேயே நான்தான் குள்ளம். அதற்காக மீனும் முட்டையும் கீரையுமாக என்னை வீட்டு வளவெல்லாம் துரத்தித் துரத்தி வாயில் தீத்துவார்.

ஏழு வயதில் என் முன்பல் கச்சான் அல்வாவோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. விழுந்த பல்லைக் கூரையில் எறிந்து, அதை எடுத்துக்கொண்டு புதுப்பல் தரும்படி அணிலிடம் கேட்பது எங்கள் வழக்கம். கேட்காவிட்டால் முளைக்காது. காலம் முழுக்கப் பொக்கைவாய்தான்.

சின்னம்மா என்னிடம் கையை நீட்டினார். “அம்மாச்சி, அதை எனக்குத் தாங்கோ. பழைய பல்லோட ஒப்பிட்டுப் பாக்க, இந்தக் கடல் மீனைச் சாப்பிடுற ஒரு பிள்ளையின்ர பல் வேணும்.”

“ஏலாது” என்று முற்றத்துக்கு ஓடிப்போய் எறிந்துவிட்டேன். அணிலிடம் கேட்கவேண்டியதையும் கேட்டுவிட்டேன்.

பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் சின்னம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். அம்மா ஏணியைப் பிடித்தபடியே பேசினார். “உனக்கென்ன விசரே? ஓட்டை உடைச்சுப்போடாத.”

சின்னம்மா கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்குள் சருகோடு கிடந்த பல்லைக் கண்டெடுத்தார். நான் கீழே நின்று கத்தி அழுதேன்.

“அழாதேங்கோ. வேலை முடியட்டும், நானே அணிலிட்டக் குடுக்கிறன்.”

அம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்டார். “அதில அப்பிடி என்னதான் தெரியும்?”

“எல்லாம் தெரியும் அக்கா. பால்பல் வயித்துக்குள்ளேயே உருவாகத் தொடங்கியிடும். தாய் அந்த நேரம் என்ன சாப்பிட்டவ எண்டதும் தெரியும்.”

அம்மா ஏணியை விட்டுவிட்டார். சின்னம்மா விழாமல் தப்பியது பெரிய காரியம்.

பல் வெளிநாட்டுக்குப் போனது. நான் தினமும் கண்ணாடி முன்னால் நின்று, பல் விழுந்த இடத்து முரசைத் தடவிப் பார்த்தேன். முன்னேற்பாடாகக் கொய்யாப்பழத்தில் பாதியை அணிலுக்கென்று மதிலில் வைத்தேன். சில மாதங்களில் புதுப்பல் எட்டிப்பார்த்தது. பல் கைக்கு வராமலே என்னை நம்பித் தந்த அணிலின் பெருந்தன்மையை எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம் சின்னம்மா என் பல்லில் பாதியோடு வந்தார். மற்றப் பாதியை அரைத்துப் பார்த்துவிட்டார்களாம். அம்மா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை. தலை நிமிராமல், “பிள்ளைக்கு ஏதும் குறை வைச்சிட்டனோ?” என்றுதான் கேட்டார்.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவும் அப்பாவும் சண்டைக்குப் பயந்து மூதூரை விட்டு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தார்கள். சோறும் பருப்பும்தான், சில நாள் அதுவும் இல்லை. அந்தப் பட்டினிதான் என்னைக் குள்ளமாக்கியது என்று அம்மா அத்தனை வருடமும் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். அதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. இன்றைக்கும் நான் குள்ளம்தான். அப்பாவின் பக்கத்தில் எல்லோருமே குள்ளம்.

“நீங்கள் பட்டினி கிடந்தது பல்லில தெரியுது அக்கா. ஆனா பிள்ளை கிடக்கேல்ல. சாப்பாடு இல்லாத நேரம் உங்கட உடம்பு தன்னைக் கரைச்சு அவளுக்குக் குடுத்திருக்கு. பல் வடிவா வளந்திருக்கு. ஒரு குறையும் இல்ல.”

அம்மா இறால் கையோடு அப்படியே இருந்து அழுதார். கொஞ்ச நேரத்தில் சிரித்தார். பல்லுக்காக அழுகிற பெரியவர்களை அன்றைக்குத்தான் கண்டேன். பின்னேரம் புட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பினேன். யாரும் துரத்தவில்லை.

ஆனால் சின்னம்மா பாதிப் பல்லைக் கூரையில் எறியப் போனபோது அம்மா விடவில்லை. வாங்கி, பஞ்சில் சுற்றி, அலுமாரிக்குள் தன் கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அணில் தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது, நாங்கள் ஏமாற்றிவிட்டோம். இரண்டு நாள் அம்மாவோடு கதைக்கவில்லை. புதுப்பல்லைத் தந்தது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் பல்லைத் தந்தது யார் என்று யோசிக்கத்தான் தோன்றவில்லை.