எட்டு விரல் மார்ட்டினி

ஓசூர்ல மூக்கண்டப்பள்ளி பக்கம் ஹைவேயை ஒட்டின ஒரு ஹோட்டல் பார்ல சரக்கு கலக்குறவன் கிங்ஸ்டன். இடது கையில ரெண்டு விரல் கிடையாது. மிச்சம் இருக்கிற எட்டு விரல்லயே அவன் போடுற மார்ட்டினிக்குப் பெங்களூர்ல இருந்துகூட ஆள் வரும். ஜின் மூணு பங்கு, வோட்கா ஒரு பங்கு, வெள்ளை வைன் அரைப் பங்கு. ஐஸோட சேர்த்துக் கை மரத்துப்போற வரைக்கும் குலுக்குவான். ஐஸை வடிகட்டிட்டு, காம்பு வச்ச கிளாஸ்ல ஊத்தி, எலுமிச்சைத் தோலை மெலிசா சீவி மேல பிழிஞ்சு போடுவான். பாக்க வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும். "மெதுவா குடிங்க, சார்"னு சொல்லித்தான் நீட்டுவான். நம்மாளு கேட்பானா? ஒயின்ஷாப் வாசல்ல குவார்ட்டரை நின்ன நிலையிலயே இறக்கிப் பழகின தொண்டை.

விரல் போன கதையையும் சொல்லிடறேன். முன்னாடி அவன் ஒரு கம்பெனியில, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுற பிரஸ் மெஷினுக்கு ஆபரேட்டர். பிரஸ்ஸுக்கு ரெண்டு பட்டன். ரெண்டு கையாலயும் அழுத்தினாத்தான் மேல இருக்கிற இரும்பு இறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. சூப்பர்வைசர் வெங்கடப்பன் ஒரு பட்டன்ல மூங்கில் குச்சியைச் சொருகி, அது அழுந்தியே கிடக்கிற மாதிரி பண்ணிட்டான். ஒரு கை சும்மா இருந்தா அதால தகட்டை மாத்தி மாத்தி வைக்கலாம், பீஸ் வேகமா வரும் பாருங்க. பீஸோட கிங்ஸ்டன் விரலும் வந்துச்சு. தகட்டு மேல நசுங்கிக் கிடந்ததைப் பழந்துணியால தொடைச்சுத் தள்ளிட்டு, அடுத்த ஆளை உட்கார வச்சான் பாவி. நஷ்டஈடுக்குப் பதிலா கிங்ஸ்டன் பொண்டாட்டி வின்சிக்குப் பேக்கிங்ல வேலை குடுத்தாங்க. பேக்கிங்தானே, அட்டைப்பெட்டி ஆளைக் கடிக்காதுன்னு அவனும் வாயை மூடிக்கிட்டான்.

போன மாசம் ஒரு சாயங்காலம் அந்த வெங்கடப்பனே பாருக்கு வந்து உட்கார்ந்தான். இப்ப அவன் மேனேஜர். கூட ஆர்டர் குடுக்கிற பெங்களூர் பார்ட்டி ஒருத்தர். கிங்ஸ்டனை அவனுக்கு அடையாளமே தெரியல. கையைப் பாத்துட்டு, "இந்தக் கையால கலக்கி நான் குடிக்கணுமா?"ன்னு சிரிச்சான். கிங்ஸ்டனுக்கு அவனை மறக்குமா? இருந்தாலும் தொழில்னு ஒண்ணு இருக்குதே. குலுக்கி, வடிகட்டி நீட்டினான்.

"ஐஸை எதுக்குடா கொட்டினே? கிளாஸும் பாதிதான் இருக்குது"ன்னான் வெங்கடப்பன்.

"வீரியம் ஜாஸ்தி, சார். மெதுவா குடிங்க."

ஒரே மடக்கு. இன்னொண்ணு கேட்டான். அதையும் அப்படியே இறக்கினான். நாக்கு அவிழ்ந்துபோச்சு. பார்ட்டிகிட்ட கன்னடத்துல அளக்க ஆரம்பிச்சான். ஓசூர்ல கன்னடம் புரியாதவன் எவன் இருக்கான்? "ஆர்டரைப் பத்திக் கவலையே வேணாம். பேக்கிங் பொம்பளைங்க எல்லாரையும் இன்னிக்கு ரெண்டாம் ஷிப்ட்ல இருந்து பிரஸ்ல உட்கார வச்சுட்டேன். பட்டன்ல குச்சியும் போட்டாச்சு."

வின்சி ரெண்டாம் ஷிப்ட். மத்தியானம்தான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டுப் போனா. கூப்பிடலாம்னா, செல்போனைக் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சுக்குவாங்க.

கிங்ஸ்டன் ஐஸ் உடைக்கிற கட்டையை எடுத்தான். கவுன்டர் மேல கிடந்த வெங்கடப்பன் கையைப் பிடிச்சு இழுத்து, மணிக்கட்டுல ஒரே போடு போட்டான். எலும்பு நொறுங்குற சத்தம் பார் முழுக்கக் கேட்டுச்சு. தடுக்க வந்த பார்ட்டிக்கு முழங்கையால ஒண்ணு விட்டதுல மூக்கு உடைஞ்சு, அந்தாளு கிளாஸுங்க மேலயே விழுந்தாரு. எலுமிச்சை சீவுற கத்தி இப்ப வெங்கடப்பன் விரல் மேல இருந்துச்சு.

"எந்த ரெண்டு விரல் போகணும்னு நீயே சொல்லு. இல்லேன்னா போனைப் போட்டுக் குச்சியை உருவச் சொல்லு."

"யாருடா நீ?"

"நீ துணியில தொடைச்சுப் போட்டியே, அந்த விரலுக்குச் சொந்தக்காரன்."

கத்தி தோலைக் கிழிச்சு உள்ள இறங்க ஆரம்பிச்சதும் வெங்கடப்பன் இன்னொரு கையால போனைத் தடவி எடுத்தான். ஸ்பீக்கர்ல போடச் சொன்னான் கிங்ஸ்டன். லைன் லீடர் மாதேஸ்வரி எடுத்தா.

"சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன். இங்க ஒரே ரகளை. வின்சி அக்கா எல்லா மெஷின்லயும் குச்சியை உருவி எறிஞ்சுட்டாங்க. சூப்பர்வைசர் முனிவேல் சார் அக்கா முடியைப் பிடிச்சு இழுத்தாரு. அக்கா ஸ்பேனரால அவர் மண்டையைப் பொளந்துட்டாங்க. போலீஸ் இப்பதான் அக்காவைக் கூட்டிட்டுப் போகுது."

கிங்ஸ்டன் கத்தியைக் கீழ போட்டுட்டான். பவுன்சருங்க அவனைத் தரையில தள்ளி மொத்தி எடுத்தாங்க. பூட்ஸ் காலால முகத்துலயே மிதிச்சாங்க. அவன் திருப்பிக் கையைத் தூக்கவே இல்ல.

ஸ்டேஷன் பெஞ்சுல வின்சி உட்கார்ந்திருந்தா. யூனிஃபார்ம் கோட்டெல்லாம் முனிவேல் ரத்தம். போலீஸ் இழுத்துக்கிட்டு வந்த புருஷனைப் பாத்ததும், "ஏங்க, பல்லு எங்க? நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"ன்னா.

கிங்ஸ்டன் அவ பக்கத்துல உட்கார்ந்து அவ ரெண்டு கையையும் இழுத்து மடியில வச்சுக்கிட்டு, ஒவ்வொரு விரலா நீவி நீவிப் பாத்தான். ரத்தம் காஞ்சு ஒட்டியிருந்துச்சு. தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தான்.

"அழாதீங்க. பத்தும் இருக்குது"ன்னா வின்சி.