கண்ணாடிக்காரர் வாய் திறந்த நாள்

கையில் கண்ணாடி இருக்கும்போது கண்ணாடிக்காரரோடு பேசக்கூடாது. எங்கள் தெருவில் அது எழுதாத சட்டம். ஜன்னல் கண்ணாடியோ ஷோகேஸ் கண்ணாடியோ, தூக்கிவிட்டால் இறக்கி வைக்கும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். தலையைக்கூட அசைக்க மாட்டார். தொழில் கற்ற காலத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பி, இடது உள்ளங்கையில் தையல் போட்டுக்கொண்டவர். ஒருமுறை மாமனாரே வந்து கூப்பிட்டபோதும், கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத்தான் "வாங்க" என்றார். மாமனார் அதைச் சாகும்வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி இல்லாத நேரத்திலும் அவர் பேச்சுக்காரர் இல்லை. அந்த வீட்டில் வாய் என்று இருந்தது மகனுக்குத்தான். அவன் பட்டாளத்தில் சேர்ந்து, எல்லையில் ஒரு மலைமுகட்டுச் சண்டையில் போய்விட்டான். முகட்டின் அந்தப் பக்கச் சரிவு எதிரி கையில் நின்றுவிட்டதால், அங்கே விழுந்தவர்களை அவர்களே புதைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தது ஒரு தகரப் பெட்டியும் துவைத்து மடித்த நான்கு உடுப்பும். அவர் மனைவி உடுப்புகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசனைதான் வருது" என்றாள். ஒன்பது வருடமாக அவளுக்கு அழுவதற்கென்று வேறு எதுவும் கிடைக்கவில்லை.

தெரு அவரை மறக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். எந்தக் கூட்டமானாலும் முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. 'தியாகியின் அப்பா' என்று மாலை போடுவார்கள். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூட்டம் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்படியிருக்கும்போதுதான் ஒப்பந்தச் செய்தி வந்தது. பக்கத்து நாட்டோடு மூன்று தலைமுறைப் பகை. பேசித் தீர்த்துக்கொள்ளப் போகிறார்களாம். முகட்டை இரண்டாகப் பிரித்துக் கோடு போடுவார்களாம். ஊர் கொதித்துப்போனது. எதிர்க் கடை சவரக்காரர் டிவியைப் பார்த்து, பாதி சவரத்தில் கத்தியை ஆட்டிக்கொண்டே கத்தினார். நாற்காலியில் இருந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பாதி மலையைத் தூக்கிக் குடுக்கவா என் தம்பி காலைக் குடுத்தான்? அன்னிக்கே குடுத்திருக்கலாமே, கால் மிஞ்சியிருக்கும்!"

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அவர் தம்பி இன்றும் கட்டைக்காலோடுதான் நடக்கிறான்.

கண்ணாடிக்காரர் பேப்பரை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டு கடைசிவரை படித்தார். ஊர் படிக்காமல் விட்ட ஒரு பத்தி அடியில் இருந்தது. இரு நாட்டு மண்ணிலும் புதைக்கப்பட்ட வீரர்களின் உடல்களைத் தோண்டி எடுத்து, அவரவர் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். கையெழுத்து ஆன உடனேயே அந்த வேலைதான் முதலில் தொடங்கும்.

கடைக்கு மேலேயே வீடு. மூட்டுவலியால் மனைவி மாடியை விட்டு இறங்கிப் பல மாதம் ஆகிறது. அவர் படியேறிப் போய் அந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டினார். அவள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"பெட்டி நம்ம படியில ஏறுமா?"

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். படி பாதியில் திரும்புகிற இடம் குறுகல். ஒன்பது வருடத்துக்குப் பிறகு வரும் பெட்டி, ஒருவர் கைக்குள் அடங்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் ஆறடிக்கே அளந்தார்.

"திரும்பாது. முன்பக்க ஜன்னல் சட்டத்தைக் கழட்டினா உள்ள வரும்."

"கழட்டிடலாம். ஒரு நாளாவது இங்க இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அந்த வீட்டில் அன்றைக்குச் சந்தோஷம் இருந்தது. வெளியே சொல்ல முடியாத சந்தோஷம். அவரிடம்தானே எல்லோரும் வந்து நின்றார்கள்? "நீங்க என்ன சொல்றீங்க? உங்க ரத்தம் கொதிக்கலையா?" என்று கேட்டார்கள். கால் போனவனின் அண்ணனிடம், எனக்கு இந்த ஒப்பந்தம் வேண்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். யாராவது கடைப்பக்கம் வருவது தெரிந்தால், கையில் ஒரு கண்ணாடியைத் தூக்கிக்கொள்வார். கடையிலிருந்து தெருமுனைவரை கொண்டுபோவார். அதையே திருப்பிக் கொண்டுவருவார்.

"ஊர்ல இத்தனை ஜன்னலா உடைஞ்சு கிடக்கு?" என்று சவரக்காரர் வியந்தார்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பிரமுகர் உண்டு, பட்டப்பெயர் மைக். கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாலும் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். மறியலுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்காரரைத் தெரு நடுவில் மடக்கினார். அவர் கையில் ஆளுயரக் கண்ணாடி.

"அண்ணே, அறிக்கையில உங்க பேரை முதல்ல போட்டுக்கறோம். தியாகியோட அப்பாவே எதிர்க்கறார்னா சர்க்கார் நடுங்கும். உங்களுக்குச் சம்மதம்தானே?"

கண்ணாடிக்காரர் அசையவில்லை. அதை இறக்கி வைத்துவிட்டு, "வேண்டாம் தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மைக் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். மௌனம் சம்மதம் என்று சொல்லி வைத்தவன் கண்ணாடி தூக்கியிருக்க மாட்டான்.

இரண்டு நாள் கழித்து ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெற்ற பிள்ளையைக் கொடுத்த தகப்பனே இந்த ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடு என்கிறார், என்று வீட்டு வாசலில் நிறுத்தி மூன்று முறை சொன்னார்கள். மாடியில் மனைவி சுவரைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லலையா?" என்றாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து தான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் மாலை சட்டையை மாற்றிக்கொண்டு, வெறுங்கையோடு, எதிர்ப்புக் கூட்டம் நடக்கும் சந்தைத் திடலுக்குக் கிளம்பினார். போகும்போது, "சொல்லிட்டு வரேன்" என்றார். அவள் தலையாட்டினாள்.

திடலில் கால் வைக்க இடமில்லை. அவர் கூட்டத்துக்குள் நுழைந்த நேரத்தில் மேடையிலிருந்து மைக் அலறினார்: சர்க்கார் பணிந்துவிட்டது, கையெழுத்து கிடையாது, ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள். திடலே எகிறிக் குதித்தது. யாரென்று தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சவரக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்குள் கண்ணாடிக்காரரைப் பார்த்துவிட்டவர்கள் அவரை அப்படியே தூக்கி மேடையில் விட்டார்கள். ஒலிவாங்கி அவர் வாய்க்கு நேராக வந்தது.

ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் மேடையில் பேசினார்.

"என் பையன் அங்க கிடக்கான். எனக்கு மலை வேண்டாம். அவன் வேணும். அவனைக் கொண்டு வந்து குடுங்க."

'மலை வேண்டாம்' என்றது முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். அங்கே ஒரு கணம் எல்லோரும் விழித்தார்கள். மைக் லேசுப்பட்டவரா? அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டீங்களா பெத்த வயித்தோட கதறலை? கொண்டு வருவோம்ணே! முழு மலையையும் பிடிச்சு, உங்க பிள்ளையையும் கொண்டு வருவோம்!"

"கொண்டு வருவோம்! கொண்டு வருவோம்!" என்று திடல் முழங்கியது. அதுவரை எழுந்த கைதட்டல் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அவர் "இல்லப்பா, அப்படி இல்ல" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. கழுத்தில் மாலை விழுந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி முகம் கழுவி, புடவை மாற்றி உட்கார்ந்திருந்தாள்.

"கைதட்டு இங்க வரைக்கும் கேட்டுச்சு. சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப எப்போ வரானாம்?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனையோ வீட்டுக் கண்ணாடிகளைக் கீறல் விழாமல் இறக்கிவைத்தவருக்கு, இதை எப்படி இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.

"கையெழுத்து இல்லன்னுட்டாங்க. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அவள் அழுவாள் என்று காத்திருந்தார். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். வெளியே வெற்றி ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று மகன் பெயரைச் சொல்லி வாழ்க போட்டார்கள். அது கடந்து போனதும் அவள் கேட்டாள்:

"அங்க அவன்கூட நம்ம பசங்க வேற யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க. அன்னிக்குப் போன பாதிப் பேர் அங்கதான். பக்கத்துப் பக்கத்துலதான் புதைச்சிருப்பாங்க."

"அப்ப சரி" என்றாள். "அவனாவது தனியா இல்ல."